பலகைக்குக் கீழே ஓடும் வெந்நீர்

வெயிலுக்கு அஞ்சி மரநிழலைத் தேடும் நமக்கு, வீட்டுக்குள்ளே வெப்பத்தை வரவழைப்பதற்கென்றே மக்கள் தம் சேமிப்பிற் பெரும்பங்கைச் செலவிடுகிறார்கள் என்பது சற்று வேடிக்கையாகத்தான் தோன்றும். நுவரெலியாவின் பழைய பங்களாக்களிலே கணப்படுப்பைக் கண்டவர்கள், குளிர்நாட்டு வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பர். ஆனால் இங்கிலாந்திலே கணப்படுப்பின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்று அங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவற்றைச் சூடாக்குவது, சமையலறையின் ஒரு மூலையிலே தொங்கும் பொயிலரும், அதிலிருந்து புறப்பட்டு வீடு முழுவதும் சுற்றிவரும் வெந்நீர்க் குழாய்களுமே. 'சென்றல் ஹீற்றிங்' என்று அங்குள்ள தமிழரும் சொல்லும் முறை இதுவே.

அக்குழாய்களை விருந்தாளிகள் காண்பதில்லை. அவை மரத்தரையின் பலகைக்குக் கீழேயும், சுவரின் பூச்சுக்கு உள்ளேயும், சிலவேளை சீமெந்துத் தரையினுள்ளேயும் மறைந்து ஓடுகின்றன. மறைப்பது அழகுக்காக, அதிலே தவறில்லை. ஆனால் மறைப்பதற்கு முன்னர் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. குழாய்களின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே அமுக்கத்தை ஏற்றி, எங்காவது ஒழுகுகின்றதா என்று பார்த்தல். ஒரு பகலும் ஓர் இரவும் போதும். நம் உறவினர் பலர் இன்று அந்நாடுகளில் வீடு வாங்கிக் குடியிருக்கின்றனர். மாணவர்களாகவும் பலர் செல்கின்றனர். ஆதலின் இதனை அறிந்திருப்பது வீண்போகாது. பௌதிகம் பயில்வோர்க்கு இதனுள்ளே சுவையான கணக்கொன்றும் இருக்கின்றது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

தரையைச் சூடாக்கும் எண்ணம் மிகப் பழையது. உரோமர் இங்கிலாந்தை ஆண்ட காலத்திலே பாத் நகரத்துக் குளியல் மண்டபங்களின் தரையைச் சிறு தூண்களின்மேல் அமைத்து, அத்தூண்களினிடையே அடுப்பின் வெங்காற்றைச் செலுத்தினார்கள். 1831 ஆம் ஆண்டிலே ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் என்பவர், தடித்த இரும்புக் குழாய்களினூடே உயர்ந்த அமுக்கத்தில் வெந்நீரை ஓடச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவையெல்லாம் மாளிகைகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்குமே உரியனவாய் இருந்தன. எளியோர் நிலக்கரியை எரித்தனர். நம் முந்திய தலைமுறையிலே இலண்டனுக்குப் படிக்கச் சென்றோர், அறையிலிருந்த காஸ் மீற்றருக்குள் சில்லிங் காசைப் போட்டுக் குளிர்காய்ந்த கதைகளை ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். 1950 களிலே சிறிய மின்பம்பும் மெல்லிய செப்புக் குழாயும் சேர்ந்த புதுமுறை பரவத் தொடங்கிய பின்னரே, சாதாரண வீடுகளுக்கும் இந்த வசதி மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

அதன் வேலை மிக எளிது. பொயிலர் காஸை எரித்துத் தண்ணீரை ஏறக்குறைய 60 அல்லது 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். பம்பு அதனை ஒரு குழாய் வழியே தள்ளும். அறைகள்தோறும் சுவரோரத்தில் நிற்கும் றேடியேற்றர் என்னும் தட்டையான உருக்குப் பெட்டிகளுக்குள் அவ்வெந்நீர் புகுந்து, தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, மற்றொரு குழாய் வழியே பொயிலருக்கே திரும்பும். இங்கே வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. இந்தத் தண்ணீர் குளிப்பதற்கோ குடிப்பதற்கோ எடுக்கப்படுவதன்று. அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே அது குறைவதற்கு நியாயமே இல்லை. குறைகிறதென்றால், பெரும்பாலும் அது எங்கோ ஒழுகுகிறது.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுற்று முற்றாக அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அதன் அமுக்கம் ஒரு 'பார்' முதல் ஒன்றரைப் 'பார்' வரை இருக்கும். ஒரு பார் என்பது பத்து மீற்றர் உயரத்திலுள்ள தண்ணீர்த் தாங்கி கீழேயுள்ள குழாயிற் கொடுக்கும் அமுக்கத்துக்கு ஏறக்குறையச் சமம். சூடேறும்போது அமுக்கமும் சற்று ஏறும். மூன்று பாரை எட்டினால், பொயிலரிலுள்ள காப்பு வால்வு தானே திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். பொயிலரின் முகத்திலே ஒரு சிறிய அமுக்கமானி உண்டு. அதன் முள் வாரந்தோறும் இறங்குகிறதென்றால் வீட்டுக்காரருக்குக் கவலை தொடங்கவேண்டும். பலர் கவலைப்படுவதில்லை. ஒரு சிறு வால்வைத் திறந்து, குறைந்த தண்ணீரை நிரப்பிவிட்டு, காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

அவ்வாறு இருந்துவிட்ட ஒரு வீட்டில் நாமும் ஒரு காலத்தில் வாடகைக்கு இருந்தோம். முள் இறங்குகிறது என்று முறையிட்டபோதெல்லாம், "நிரப்பிக்கொள்ளுங்கள்" என்பதே வீட்டுச் சொந்தக்காரரின் விடை. ஒரு குளிர்காலம் முழுவதும் நிரப்பினோம். சமையலறையின் மேற்கூரையிலே தேநீர்க் கறை போன்ற ஒரு வட்டம் தோன்றியது. அது பெரிதாகியது. மாசி மாதத்து விடியற்காலையொன்றில் அக்கூரையின் பூச்சு, ஈரப் பாரம் தாங்காது மேசைமேல் விழுந்தது. நல்லவேளையாக மேசையருகே எவரும் இல்லை. மேல்மாடியின் பலகையைக் கிளப்பிப் பார்த்தபோது, பலகையை அடித்த ஆணியொன்று செப்புக் குழாயின் நடுவே இறங்கியிருந்தது. ஆணி அடிக்கப்பட்டது பல மாதங்களுக்கு முன்! ஆணியே தான் இட்ட துளைக்கு அடைப்பாகவும் இருந்திருக்கிறது. அது துருப்பிடித்து மெலிந்த பின்னரே ஒழுக்குத் தொடங்கியிருக்கிறது.

சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்வோர்க்கு ஒரு சிறு கணக்கு. இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று கொள்வோம். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் வடிந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள்; அஃதாவது நாலு லீற்றருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் மரத்திலும் பூச்சிலும் ஊறுகிறது. அதுமட்டுமன்று. சுற்றிலே பழகிய தண்ணீரிலிருந்த ஒட்சிசன் தொடக்கத்திலேயே உருக்கோடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும். அதன் பின்னர் அத்தண்ணீர் அதிகம் தீங்கு செய்யாது. புதுத்தண்ணீரை நிரப்பும்போதெல்லாம் புதிய ஒட்சிசனும் உள்ளே போகிறது. றேடியேற்றரின் உட்புறம் துருப்பிடிக்கிறது. அத்துரு கருஞ்சேறாய் அடியிலே படிந்து, பம்பையும் பொயிலரையும் அடைக்கிறது. ஒரு துளைக்காகத் தொடங்கிய செலவு இவ்வாறு வீடு முழுவதும் பரவுகிறது.

மூட்டுகளிலே ஒளிந்திருக்கும் குறை

நேரான குழாய் ஒழுகுவது அரிது. ஒழுகுவன மூட்டுகளே. வளைவு ஒவ்வொன்றும், கிளை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மூட்டுகளை உடையது. ஒரு சாதாரண மூன்றறை வீட்டிலும் எண்ணப் புகுந்தால் நூறை எளிதில் எட்டிவிடலாம். அத்தனையும் மனிதக் கையாற் செய்யப்படுவன. அவற்றிற் சில, முழந்தாளிட்டுக் குனிந்தும், இருட்டிலே கையை நீட்டியும் செய்யப்படுவன.

செப்புக் குழாய்களைத் தீச்சுவாலையாற் சூடாக்கி, ஈயம்போல் உருகும் பற்றாசினால் இணைப்பது பழைய முறை. குடிநீர்க் குழாய்களிலே இன்று ஈயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்துவதில்லை; வெள்ளீயமும் செப்பும் கலந்ததையே பயன்படுத்துகிறார்கள். பற்றாசு மூட்டின் இடுக்கெங்கும் பாய்ந்தால் அது குழாயளவுக்கு உறுதியானது. ஆனால் பற்றவைக்குமுன் செப்பிலே ஒருவகைப் பசையைப் பூசுவார்கள். இப்பசையே சிலவேளை எமனாகிறது. பசை பூசிச் செருகிவிட்டு, பற்றாசு வைக்க மறந்துபோன மூட்டொன்று, அப்பசையின் பிடியினாலேயே தண்ணீரைச் சில நாட்களுக்குத் தடுத்து நிற்கக்கூடும். வெந்நீர் ஓடத் தொடங்கிப் பசை இளகியதும் அது வாயைத் திறக்கும். ஆகவே அனுபவமுள்ள பிளம்பர்கள், சோதனைக்கு முன்னரே மூட்டுகள் ஒவ்வொன்றையும் ஈரத்துணியாற் பசைபோகத் துடைத்துக் கண்ணாற் பார்ப்பார்கள்.

தீயில்லாமற் செய்யும் முறைகளும் வந்துவிட்டன. ஒன்று, உள்ளே இறப்பர் வளையமுள்ள மூட்டைக் கருவியால் நெரித்து இறுக்குவது. இதிலே ஒரு விந்தை உண்டு. நெரிக்க மறந்த மூட்டு, மிகுந்த அமுக்கத்திலே இறப்பர் வளையம் அழுந்திக்கொள்வதால் ஒழுகாமலும் இருக்கக்கூடும். குறைந்த அமுக்கத்திலோ ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். ஆதலினாலேதான் முதலிற் குறைந்த அமுக்கத்திலும் பின்னரே கூடிய அமுக்கத்திலும் சோதிக்கவேண்டும் என்கிறார்கள். மற்றொன்று, பிளாஸ்ரிக் குழாயை மூட்டுக்குள் வெறுமனே அழுத்திச் செருகுவது. குழாய் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று முன்கூட்டியே கோடிட்டுக்கொள்ளாதவர், அரைகுறையாய்ச் செருகிவிட்டு முழுதும் போய்விட்டதென்று நம்புவார். பித்தளை வளையத்தின்மீது நட்டை இறுக்கும் மூட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றே: அவற்றை எட்டமுடியாத இடத்திலே மூடவே கூடாது.

சோதனை நடைபெறும் விதம்

குழாய் வேலை முடிந்ததும், திறந்திருக்கும் நுனிகளையெல்லாம் முதலில் எண்ணி அடைக்கிறார்கள். சிரிப்புக்கிடமாயினும் உண்மை இது: புதுச்சுற்றிலே முதன்முதல் தண்ணீர் கொட்டுவது பெரும்பாலும் மோசமான மூட்டிலிருந்தன்று, எவரோ மறந்துவிட்டுப்போன திறந்த வாயிலிருந்தே. பொயிலரைச் சுற்றிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். இல்லாவிடில் அதன் காப்பு வால்வு மூன்று பாரிலே திறந்து சோதனையைக் குலைத்துவிடும். சுற்றுக்குள்ளே இடையில் இருக்கும் வால்வுகள் யாவும் திறந்திருக்கவேண்டும். ஒன்று மூடிக்கிடந்தாலும் அதற்கப்பாலுள்ள பகுதி சோதனைக்கே உட்படாது; முள்ளோ அசையாது நின்று நம்மை ஏமாற்றும்.

முதலிற் காற்று. மோட்டார் வாகனத்தின் ரயருக்குக் காற்றடிக்கும் பம்பே இதற்குப் போதும். அமுக்கமானி ஒன்றைப் பொருத்தி, சிறிதளவு காற்றை ஏற்றி நிறுத்திவிட்டு முள்ளைப் பார்க்கவேண்டியதுதான். காற்று ஒழுகினால் தரை நனையாது, கூரை கறைபடாது. ஆயினும் காற்றை மிகுதியாக ஏற்றுவது ஆபத்து. தண்ணீர் எளிதிற் சுருங்காதது. மூட்டொன்று கழன்றால் சிறிது பீறிட்டு அடங்கிவிடும். அமுக்கிய காற்றோ இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது. கழன்ற மூடியைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறியக்கூடியது. ஆதலின் காற்றுச் சோதனை சிறிய அமுக்கத்தோடு நின்றுவிடவேண்டும்.

பின்னர்த் தண்ணீர். கீழிருந்து மெல்ல மெல்ல நிரப்பி, உச்சியிலே காற்றை வெளியேற்றி, கைப்பம்பினால் அமுக்கத்தை ஏற்றுகிறார்கள். சுற்று வேலைசெய்யும் உச்ச அமுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்பது வழக்கம். மூன்று பார் வால்வுள்ள வீட்டுக்கு நாலரைப் பார். ஒரு மணி நேரமாவது முள் அசையாதிருக்கவேண்டும். அதற்கிடையே உலர்ந்த மெல்லிய காகிதத்தைக் கையிலெடுத்து, மூட்டு ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் ஒற்றிப் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் காகிதம் சொல்லிவிடும். பிளாஸ்ரிக் குழாயாயின் பொறுமை இன்னும் வேண்டும். அமுக்கம் ஏறியதும் அது சற்று விரிந்துகொடுக்கும். ஒழுக்கு இல்லாமலே முள் இறங்கும். மீண்டும் ஏற்றி, விரிவு அடங்கும்வரை காத்திருந்து பார்த்த பின்னரே முடிவு சொல்லலாம்.

ஓர் இரவும் ஒரு கணக்கும்

இலண்டனைச் சேர்ந்த ஹரோவிலே நம் மைத்துனர் ஒருவர் 1930 களிலே கட்டிய வீடொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கினார். பழைய குழாய்களையும் றேடியேற்றர்களையும் கழற்றிவிட்டுப் புதியன போட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் சென்றபோது டிசெம்பர் மாதம். தரைப் பலகைகள் கிளப்பப்பட்டு, குறுக்கு மரங்களினிடையே செப்புக் குழாய்கள் புதுமெருகோடு பளபளத்துக் கிடந்தன. குடும்பம் அப்பொழுது வாடகை வீட்டிலிருந்தது. மாத முடிவில் அதனை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. தரை போடுபவர்கள் மறுநாட் காலை வருவதாக ஏற்பாடு. முற்பணமும் கொடுத்தாயிற்று.

பிளம்பர் முதிய ஆங்கிலேயர், பேச்சுக் குறைவு. அன்றிரவு உறைபனி விழும் என்று வானிலை அறிக்கை கூறியது. பொயிலர் இன்னும் வந்து சேரவில்லை. வெப்பமற்ற வீட்டிலே குழாய்களுக்குள் தண்ணீரை விட்டுச் சென்றால், அது உறைந்து ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துக் குழாயையே பிளந்துவிடும். ஆகவே அவர் காற்றையே ஏற்றினார். ஒரு பாரில் முள்ளை நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். அறையில் மின்கணப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த வெப்பமானி 18 பாகை காட்டியது. கணப்பை அணைத்துவிட்டு நாமும் புறப்பட்டோம்.

காலையிலே மைத்துனரும், உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் அவருடைய மகளும், நாமும் போய்க் கதவைத் திறந்தோம். வீட்டுக்குள் 4 பாகை. மூச்சு வெண்புகையாய்த் தெரிந்தது. அமுக்கமானியின் முள் 0.8 இற்குச் சற்றுக் கீழே இறங்கி நின்றது.

மைத்துனரின் முகம் வாடிவிட்டது. ஆயினும் மறுகணமே தேறிக்கொண்டு, "குளிருக்கு இறங்கியிருக்கும் மச்சான். காற்றுத்தானே, குளிர்ந்தாற் சுருங்கும். பலகை போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள், மூடச் சொல்லுவோம்" என்றார். அவர் சொன்னதிலே உண்மை இல்லாமலில்லை. குளிர்ந்த காற்றின் அமுக்கம் குறையத்தான் செய்யும். நாமும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தோம் என்பதை மறைப்பானேன்?

"எவ்வளவு குறையலாம் என்று கணக்குப் பார்ப்போமே, அப்பா" என்றாள் மகள்.

சுவரின் பழைய பூச்சிலேயே பென்சிலால் எழுதத் தொடங்கினாள். அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலதிகமாயுள்ளதை மாத்திரமே. வெளிக்காற்றின் அமுக்கம் ஏறக்குறைய ஒரு பார். எனவே மாலையிற் குழாய்க்குள்ளிருந்த உண்மையான அமுக்கம் இரண்டு பார். வெப்பநிலையையும் தனிப்பூச்சியத்திலிருந்து கணிக்கவேண்டும். 18 பாகை என்பது 291 கெல்வின், 4 பாகை என்பது 277 கெல்வின். கனவளவு மாறாத வாயுவின் அமுக்கம் தனிவெப்பநிலையோடு நேர்விகிதத்தில் மாறும். இரண்டை 277 ஆற் பெருக்கி 291 ஆற் பிரித்தால் 1.90. வெளிக்காற்றின் ஒன்றைக் கழித்தால் 0.90. அஃதாவது, குளிர் மட்டும் காரணமாயின் முள் 0.90 இலே நின்றிருக்கவேண்டும். நின்றதோ 0.78 இல். இரவிலே வெளியமுக்கம் மாறியிருந்தாலும், அதனால் வரும் வேறுபாடு வழக்கத்தில் நூறில் இரண்டு மூன்று பங்கே. எஞ்சியதைக் குளிரின்மேற் சுமத்த முடியாது.

"பத்தில் ஒரு பங்கு எங்கேயோ போயிருக்கிறது" என்றாள்.

தந்தை நெடுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலே தரை போடுபவர்களின் வண்டி வந்து நின்றது. அவர் வெளியே சென்று அவர்களோடு பேசினார். ஒருநாட் கூலி வீண். அதற்குமேல், அவர்கள் மறுபடியும் வரக்கூடியது நான்கு நாட்களின் பின்னர்தான். திரும்பி வந்து, "பரவாயில்லை, தேடுவோம்" என்று மட்டும் சொன்னார்.

பிளம்பர் வந்து கணக்கைப் பார்த்துத் தலையசைத்தார். முள்ளை மீண்டும் ஒரு பாருக்கு ஏற்றிவிட்டு, முதலில் அமுக்கமானியின் மூட்டிலேயே நுரைநீரைத் தடவினார். சோதிக்கும் கருவியே ஒழுகினால் வீடெல்லாம் தேடி என்ன பயன்? அங்கே குறையில்லை. பின்னர் ஆளுக்கொரு தூரிகையோடு அறைஅறையாகச் சென்றோம். பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரை அவர் விரும்பவில்லை. அதிலுள்ள உப்புகள் உலோகத்தை அரிக்கக்கூடுமென்று, இதற்கெனவே விற்கப்படும் திரவத்தைத் தந்தார். மூட்டுக்கு மூட்டு தடவி, விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். முழந்தாள் வலித்தது. கீழ்மாடியில் ஒன்றுமில்லை. மேல்மாடியின் பின்னறையிலே, சுவரோடு ஒட்டிக் கிடந்த ஒரு முழங்கை மூட்டில் முன்புறம் நுரை அசையாதிருந்தது. பிளம்பர் பையிலிருந்து சிறிய கண்ணாடியொன்றை எடுத்து மூட்டின் பின்னால் நீட்டினார். கண்ணாடியிலே கடுகளவான ஒரு குமிழி தெரிந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கவே அது மிளகளவாகி வெடித்தது. மறுபடியும் ஒரு கடுகு.

முன்புறத்திலே பற்றாசு வெள்ளி வளையம்போல் ஒழுங்காக இருந்தது. பின்புறம் சுவர் தடுத்ததால் தீச்சுவாலை அங்கே எட்டவில்லை. சூடேறாத செப்பிலே பற்றாசு பாயவுமில்லை. "என்னுடைய மூட்டுத்தான்" என்றார் பிளம்பர். பிறர்மேற் பழிபோடாத அவ்வொரு சொல்லுக்காகவே அவரை நமக்குப் பிடித்துவிட்டது. காற்றை வெளியேற்றி, அம்மூட்டை வெட்டியெடுத்துப் புதியது வைத்தார். சுவருக்குச் சூடு படாமல் தடுக்கும் துணியைப் பின்னே செருகி, இம்முறை சுற்றிலும் சுவாலையைக் காட்டினார்.

அன்றிரவு முள் மீண்டும் ஒரு பாரிலே நிறுத்தப்பட்டது. மறுநாட் காலை வீட்டுக்குள் 5 பாகை, முள் 0.91. மகள் கணக்கிட்டாள், கணக்கும் 0.91 என்றே சொன்னது. இரண்டு நாள் கழித்துப் பொயிலர் வந்த பின்னர், தண்ணீரை நிரப்பி, பொயிலரின் வால்வுகளை மூடிவிட்டு நாலரைப் பாருக்கு ஏற்றினார்கள். ஒரு மணி நேரம், காகிதத்தோடு வீடெல்லாம் ஒற்றினோம். காகிதம் உலர்ந்தபடியே இருந்தது.

மூடுவதும் ஒரு கலை

சோதனையில் தேறிய குழாயை மூடும்போதே கெடுப்பவர்களும் உண்டு. மேலே கூறிய ஆணியின் கதை அதற்குச் சான்று. குறுக்கு மரத்தின் மேல்விளிம்பிலே வெட்டிய பள்ளத்திற் குழாயை வைத்து அதன்மேற் பலகையை அடிப்பதே வழக்கமாதலின், ஆணிக்கும் குழாய்க்கும் இடையே விரற்கிடைதான். பள்ளத்தை ஆழமாக வெட்டுவதும் ஆகாது. மரத்தின் உயரத்தில் எட்டிலொரு பங்குக்கு மேல் வெட்டினால் மரம் வலுவிழக்கும். ஆகவே பள்ளத்தின்மேல் உருக்குத் தகடொன்றை வைத்து, பலகையின் மேற்புறத்திலே குழாய் ஓடும் வழியைக் கோடிட்டு, ஆணிக்குப் பதிலாகத் திருகாணியை இடுவது நல்லது. திருகாணியென்றால் வேண்டும்போது பலகையைக் கழற்றவும் முடியும்.

சீமெந்துத் தரைக்குள்ளே செப்புக் குழாயை வெறுமனே புதைப்பது இன்னொரு தவறு. முந்திய தலைமுறையிலே இங்கிலாந்தில் அவ்வாறு புதைத்த வீடுகள் பல, பின்னர் தரையை உடைத்துப் பார்க்கும் நிலைக்கு வந்தன. செப்பு சூட்டால் நீண்டு குளிரால் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். சீமெந்தோடு நேரே படாதவாறு உறையும் வேண்டும். இப்பொழுது தரை முழுவதையும் சூடாக்குவதற்குப் பிளாஸ்ரிக் குழாயைப் பாம்புபோல் வளைத்து விரித்து, மேலே சீமெந்துக் கலவையை இடுகிறார்கள். அங்கே கலவைக்குக் கீழ் மூட்டே இருக்கக்கூடாது. ஒரே குழாய் ஒரே வீச்சில் ஓடவேண்டும். நாலு முதல் ஆறு பார் வரை ஏற்றிச் சோதிப்பதோடு, கலவை கொட்டும்போதும் குழாயை அமுக்கத்திலேயே வைத்திருப்பார்கள். மண்வெட்டி பட்டாலோ, தள்ளுவண்டியின் சில்லு ஏறினாலோ, முள் அக்கணமே விழுந்து சொல்லிவிடும். கலவை இறுகுமுன் பிழை தீர்க்கலாம். சீமெந்துக் கலவையாயின் மூன்று வாரம் கழிந்த பின்னரே அதனுள் சூட்டை விடுவார்கள்.

மூடிய பின்னர் ஒழுக்கைத் தேடும் வித்தைகள் இல்லாமலில்லை. வெப்பத்தைப் படமாகக் காட்டும் கமரா உண்டு. நைதரசனோடு நூற்றுக்கு ஐந்து பங்கு ஐதரசனைக் கலந்து குழாய்க்குள் செலுத்தி, தரையினூடே கசிந்து வரும் ஐதரசனை மோப்பம் பிடிக்கும் கருவியும் உண்டு, அக்கலவை தீப்பிடிக்காதது. ஆனால் அவை வந்து இடத்தைக் காட்டிய பின்னும் உடைக்கவேண்டியது தரையைத்தான். நுரைநீரும் தூரிகையும் கண்ணாடியும் அவற்றைவிட மலிவு.

ஹரோ வீட்டிலே பலகை மூடுமுன் மைத்துனர் ஒவ்வோர் அறையையும், அளவு நாடாவைக் குழாயருகே நீட்டிவைத்துப் படம் பிடித்தார். சுவரிலிருந்து எத்தனை அங்குலத்திலே குழாய் ஓடுகிறது என்பது படத்திலேயே தெரியும். பின்னறையின் குறுக்கு மரத்திலே, புதிய மூட்டுக்கு அருகில், மகள் பென்சிலால் திகதியையும், அமுக்கத்தையும், இரு காலைகளின் வெப்பநிலையையும் எழுதினாள். பிளம்பர் அதனைப் பார்த்துவிட்டு, தன் பென்சிலை எடுத்து அதன் கீழே தன் பெயரையும் எழுதினார். தரை போடுபவர்கள் முதற் பலகையை அதன்மேல் வைத்துத் திருகினார்கள்.